ஹாலிஎல லேத் மெசின் தானியங்கியான வரலாறு

மனிதகுல வரலாற்றைச் சக்கரத்துக்கு முன், சக்கரத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரிப்பவர்கள் ஹாலிஎலவுக்கு வந்ததில்லை. வந்திருந்தால், கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன், கழற்றியதற்குப் பின் என்றுதான் பிரித்திருப்பார்கள்.

கழற்றியவர் சுரேன். பதுளைக் கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் இளைய மகன். துணி கிழித்து விற்பதில் மனம் ஒட்டாமல், முப்பத்தாறாவது வயதில் ‘புத்தாக்கத்தில்’ இறங்கியவர். ரயில் நிலையத்துக்குக் கீழே, பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடத்தில் இயங்கிய ‘மலைச்சாரல் சமூகப் புத்தாக்கக் கூட’த்தின் இணைப்பாளர் அவர்தான். கூடத்தில் ஒரு பெரிய பெயர்ப்பலகை, பதினெட்டு பிளாஸ்டிக் கதிரைகள், வட்டமும் அம்புக்குறியும் வரைந்து சுவரில் ஒட்டிய தாள்கள், ஒரு லேத் மெசின், விஜயலெட்சுமி ஆகியவை இருந்தன. இவற்றுள் கடைசி இரண்டு மட்டும் வேலை செய்தன.

லேத் சிறியது. பொழுதுபோக்காக வீட்டில் இரும்பு கடைந்து பார்ப்பவர்களுக்கென்று செய்யப்பட்டது. தையல் மெசின் மேசையில் அடங்கிவிடும். வெளிநாட்டில் யாரோ ஒரு நல்ல மனிதர் அலுத்துப்போய் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். உலோகத் துண்டை அது சுழற்றும். கைப்பிடியைத் திருப்பினால் கத்தி நகர்ந்து வந்து துண்டைச் சீவும். அவ்வளவுதான் அதன் ஞானம். மீதி ஞானம் விஜயலெட்சுமியிடம் இருந்தது. அவள் மலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பெண். கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையின் மெசின் திருத்தும் பகுதியில் ஒன்பது வருடம் லேத் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவள். சுற்றுவட்டார லயங்களில் எது உடைந்தாலும் அவளிடம் வரும். தண்ணீர்ப் பம்பின் உறுப்பு வரும், சக்கர நாற்காலியின் அச்சு வரும், ஒரு தடவை கோயில் மணியின் நாக்குகூட வந்தது. கடைந்து கொடுத்து அனுப்புவாள். இதில் எந்தப் புத்தாக்கமும் இல்லை என்பது சுரேனுக்கு நெடுநாள் மனக்குறை.

ஒரு திங்கட்கிழமை காலை, விஜயலெட்சுமி சீலைத் துணியில் சுற்றிய வெண்கலத் துண்டு ஒன்றோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். லேத்தின் மேல் ஒரு அறிவித்தல் தொங்கியது: ‘தானியங்கி மயமாக்கலின் கீழ் உள்ளது. தொட வேண்டாம்.’

“சார், கைப்பிடி எங்க?”

“கழட்டியாச்சு. இனி அதுக்குத் தேவ இல்ல.”

“எனக்கு இன்னைக்கு அரை நாள் தேவ இருக்கு சார். எங்க லயத்துப் பம்புல தண்டப் புடிச்சிருக்கிற வளையம், அந்த புஷ், தேஞ்சு போச்சு. தண்டு ஆடி ஆடி சனிக்கிழமையே நின்னுருச்சு. நாப்பத்திரெண்டு வீடு. எல்லாரும் பள்ளத்து ஊத்துப் பீலிக்கு எறங்கித் தண்ணி தூக்குறாங்க.”

“அதுக்குத்தானே விஜயலெட்சுமி இந்த ஏற்பாடே. இனி ஸ்டெப்பர் மோட்டர்தான் திருப்பும். லெப்டொப்ல ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டா, நீங்க ஒரு புஷ் கடையிற நேரத்துல அது நூறு கடையும்.”

“எங்களுக்கு ஒண்ணு போதும் சார்.”

சுரேன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். சின்னதாக யோசிப்பதே மலையகத்தின் முதல் பிரச்சினை என்று அவர் ஏற்கெனவே இரண்டு கருத்தரங்குகளில் பேசியிருந்தார்.

“எத்தன நாளாகும்?” என்று கேட்டாள் அவள்.

“ரெண்டு கெழம.”

“அந்தக் கைப்பிடிய இப்ப ஒரு தடவ மாட்டிக் குடுத்தீங்கன்னா, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்.”

“பின்னோக்கிப் போக முடியாதும்மா,” என்றார் சுரேன். அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடிகள் அலுமாரிக்குள் இருந்தன.

அடுத்து, முறைப்படி கூட்டம் கூடியது. நிர்வாகக் குழுவின் தலைவர் ஜெயராசா, தோட்ட அலுவலகமான கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் கண்ணை மூடி ஆழ்ந்து சிந்திப்பார். சில சமயம் சிந்தனை வெளியே சத்தமாகக் கேட்கும். அவர் முன்னிலையில் சுரேன் எழுந்து, இந்த மோட்டர் மற்ற மோட்டர்களைப் போல் சும்மா சுற்றாது, கட்டளைக்கு ஒரு அடியாக எடுத்து வைத்து, சொன்ன இடத்தில் நிற்கும் என்று விளக்கினார். இதற்குத் ‘படி மோட்டர்’ என்று பெயரிடலாம் என்றும் முன்மொழிந்தார்.

படி என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவர் கண் திறந்தார். “படியா? கூட்டத்துக்கு வர்றவங்களுக்கா?”

“அந்தப் படி இல்லீங்க ஐயா. இது அடி எடுத்து வைக்கிற படி.”

“அப்ப அடி மோட்டர்னு வைங்க.”

“அடிக்கிற மோட்டர்னு சனங்க பயந்துருவாங்க ஐயா.”

இந்தச் சிக்கலைத் தீர்க்க அந்தக் கூட்டமும் அடுத்த கூட்டமும் போதவில்லை. பெயரிடலை ஓர் உபகுழுவிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டரை வாங்கும் விடயத்துக்கு வந்தார்கள். நிதியின் பெரும்பகுதி ‘விழிப்புணர்வு’க்கும் அச்சடித்த துணிப் பெனருக்கும் போயிருந்தபடியால், மோட்டருக்கென்று மிஞ்சியது ‘சிக்கனம்’ என்ற கொள்கை மட்டுமே. கொள்கையைக் கொண்டு மோட்டர் வாங்க முடியாதாகையால், பதுளையில் பழைய சாமான் கடை ஒன்றில் கிடந்த இரண்டு போட்டோகொப்பி மெசின்களைப் பிரித்து எடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

விஜயலெட்சுமி அந்த இரண்டு மோட்டர்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவு இருந்தது.

“இது கடதாசி தள்ளுற மோட்டர் சார்.”

“மோட்டர் மோட்டர்தான். நாம குடுக்கிற கட்டளையிலதான் எல்லாம் இருக்கு.”

சுரேன் வேலையில் மூழ்கினார். காணொளிகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கற்றார். கழித்துப் போட்ட ஜன்னல் சட்டத்தின் அலுமினியத்தை வெட்டி மோட்டருக்குத் தாங்கி செய்தார். பழைய கணினியின் மின்பெட்டியைப் பிரித்து மின்சாரம் எடுத்தார். போட்டோகொப்பி மெசினின் பட்டியையே லேத்துக்கும் பூட்டினார். செலவில்லாமல் இத்தனையும் செய்தது உண்மையிலேயே ஒரு சாதனை. அது நகரவும் செய்திருந்தால் இரண்டு சாதனைகள் ஆகியிருக்கும்.

நான்காவது வாரம் முதலாவது ஓட்டம். கத்தி துண்டைவிட்டு விலகிப் போக வேண்டும் என்று லெப்டொப்பில் எழுதியிருந்தது. கத்தி நேராகப் போய், துண்டைக் கவ்விச் சுழன்றுகொண்டிருந்த சக்கில் மோதி, மூக்குடைந்து விழுந்தது. ஒரு கழித்தல் குறி விடுபட்டுவிட்டதாகச் சுரேன் அறிவித்தார். ஆறாவது வாரம் இரண்டாவது ஓட்டம். இம்முறை குறிகள் எல்லாம் சரி. கத்தி வெண்கலத்தைத் தொட்டதுதான் தாமதம், மோட்டர் ஈனமாக முனகிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. லெப்டொப் திரையில் மட்டும் எண்கள் ஓடி, ‘பணி நிறைவு’ என்று பச்சை எழுத்தில் வந்தது.

“முடிஞ்சிருச்சு,” என்றார் சுரேன்.

“கத்தி நகரவே இல்லியே சார்.”

“கட்டளை எல்லாம் போயிருச்சு. இந்த வகை மோட்டர் திரும்பினேன், திரும்பலன்னு பதில் சொல்லாது. அத்தன அடின்னு சொன்னா, வச்ச மாதிரிதான் கணக்கு.”

விஜயலெட்சுமி திரையையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப மேல போட்ட உத்தரவு கீழ நடந்துச்சா இல்லியான்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“சரிங்க. தோட்டத்துல பொறந்தவளுக்கு அது வெளங்கும்.”

எட்டாவது வாரம் அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது சுரேன் காரணம் கேட்டார். அவளுடைய அம்மா பெரியாயி, மழையில் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பதுளைக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட்டு வந்திருக்கிறார்கள். வலது கை. கொழுந்து எடுக்கிற கை.

“அய்யோ பாவம்,” என்றார் சுரேன். உண்மையாகவே மனம் வருந்தினார். வருத்தம் வீணாகக் கூடாதென்று அன்று பின்னேரமே அதை முன்னேற்ற அறிக்கையில் சேர்த்தார்: ‘பெண்கள் நீர் சுமப்பதால் ஏற்படும் விபத்துகள், தானியங்கி மயமாக்கலின் உடனடித் தேவையை உறுதிப்படுத்துகின்றன.’

“சார், அந்த அலுமாரிச் சாவி,” என்றாள் விஜயலெட்சுமி.

“இன்னும் கொஞ்சந்தான்,” என்றார் சுரேன், அறிக்கையிலிருந்து தலை நிமிராமல்.

பதினோராவது வாரம் திறப்பு விழா வந்தது. மோட்டர் தயாராகாவிட்டாலும் அழைப்பிதழ் தயாராகியிருந்தது. பிரதம அதிதியாக மாகாணத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி வர ஒப்புக்கொண்டிருந்தார். சுரேனின் நியமனம் இன்னும் ஒரு வருடம் நீடிப்பது அந்த அதிதியின் முகமலர்ச்சியில் தங்கியிருந்தது. அன்று காலை கடைசிச் சோதனையில், கத்தியைக் குறுக்காக நகர்த்தும் மோட்டர் ஓரளவு சொன்னபடி கேட்டது. அதற்குப் பாரம் குறைவு. நீளவாக்கில் இழுக்க வேண்டிய மோட்டர் முனகியது. வயர் சரியாக மாட்டவில்லையோ என்று சந்தேகித்த சுரேன், மின்சாரம் ஓடும்போதே வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். மோட்டரை இயக்கும் சின்னப் பலகையிலிருந்து புகை ஒரு நூல்போல மேலே போயிற்று. முனகலும் நின்றது.

விழாவுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சுரேன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, பதினோரு வாரத்தில் முதல் தடவையாக, விஜயலெட்சுமியிடம் யோசனை கேட்டார்.

“யோசனை ஒண்ணும் பெரிசா இல்ல சார். கைப்பிடிய மாட்டுனா ஓடும்.”

“எல்லாருக்கும் முன்னாலயா?”

வழி சுரேனுக்கே உதித்தது. நீளவாக்குத் திருகாணியின் வலது முனையில் மோட்டரை எடுத்துவிட்டுக் கைப்பிடியை மாட்டுவது. அந்த முனையை மேசையின் விளிம்பு வரை தள்ளி, அதைச் சுற்றி ‘தொழினுட்பத்தின் கரம்’ என்று அச்சடித்த பெனரைக் கட்டித் தொங்கவிடுவது. பெனருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு விஜயலெட்சுமியை உட்கார வைப்பது. சுரேன் ஒரு தடவை இருமினால் திருப்ப வேண்டும். இரண்டு தடவை இருமினால் நிறுத்த வேண்டும்.

“அதிதிக்கு ஞாபகச்சின்னமா ஒரு பித்தளப் பூச்சாடி,” என்றார் சுரேன்.

விஜயலெட்சுமி தன் பையிலிருந்து துணிச்சுருளை எடுத்து மேசையில் வைத்தாள். “நான் கடையிறதுன்னா இதத்தான் கடைவேன். பூச்சாடிய மோட்டரே கடையட்டும்.”

சுரேன் மணிக்கூட்டைப் பார்த்தார். வெண்கலத் துண்டைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

கைப்பிடி மாட்டிய பத்தாவது நிமிடம் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். விழாப் பந்தலில் பலூன் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் புஷ்ஷின் உள்துளையை அளவாகக் குடைந்து முடித்தாள். வெளிப்பக்கத்தைச் சீவுவது மட்டும் விழாவுக்கென்று மிச்சம் வைக்கப்பட்டது.

பிரதம அதிதி வந்தார். மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் உரிய நீளத்தில் நடந்தன. மனிதக் கை படாமல் உலோகம் உருப்பெறும் அதிசயத்தை ஹாலிஎல இன்று காணப்போகிறது என்றார் சுரேன். லெப்டொப்பில் ஒரு விசையைத் தட்டினார். ஒரு தடவை இருமினார். கத்தி நகர்ந்தது. வெண்கலச் சீவல் பொன்னிறச் சுருளாகக் கழன்று விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பாதி வழியில் பிரதம அதிதிக்கு இருமல் வந்தது. மழைக்காலத்தில் மலையேறி வந்தவர். தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு தடவை இருமினார். கத்தி நின்றது. திரையில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அதிதி குனிந்து பார்த்தார். அடக்க முடியாமல் மறுபடி ஒரு தடவை இருமினார். கத்தி நகர்ந்தது.

“நான் இருமினா நிக்குது. இருமினா போகுது,” என்றார் அதிதி.

சுரேன் திரும்பிப் பெனரைப் பார்த்தார். ஆனால் வரலாறு படைப்பவர்கள் இந்த மாதிரி நேரத்தில் தடுமாறுவதில்லை. “ஆமாங்க சார். குரல் கட்டுப்பாடும் சேர்த்திருக்கோம்.”

சபையில் ஆச்சரிய முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் ஜெயராசாவுக்கு ஆசை வந்துவிட்டது. அருகே போய்த் தன் பதவிக்கேற்ற கம்பீரத்தோடு இரண்டு தடவை இருமினார். பெனருக்குப் பின்னால் இருந்தவளுக்கு அவருடைய இருமலை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறாள். கத்தி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

“பதவி பார்த்துத்தான் கேக்குது போல,” என்றார் அதிதி. அப்போது மலர்ந்த அவர் முகம் நிகழ்ச்சி முடியும்வரை வாடவே இல்லை.

சீவி முடிந்ததும் விஜயலெட்சுமி ‘உதவியாளர்’ என்ற அட்டையோடு பக்கவாட்டிலிருந்து வெளியே வந்தாள். புஷ்ஷைக் கழற்றி, அளவுமானியால் மூன்று இடத்தில் அளந்து பார்த்து, திருப்தியோடு துணியில் துடைத்தாள். சுரேன் அதை வாங்கி அதிதியிடம் நீட்டினார். படம் எடுத்தார்கள். அதிதி அதை விரலில் நுழைத்துப் பார்த்தார். வளையம் பெரிதாக இருந்தது.

“நல்லா இருக்கு. இது என்ன?”

சுரேன் வாய் திறக்குமுன் விஜயலெட்சுமி சொன்னாள்: “தண்ணிங்க.”

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நன்றியுரை தொடங்கியபோது அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் மேற்கணக்குப் பம்பு ஓடியது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏறியது. முதலில் செம்மண் கலங்கி வந்து, பிறகு தெளிந்தது. இடது கையால் குழாயைத் திறந்து பார்த்த பெரியாயி, அதை மூட மனமில்லாமல் சிறிது நேரம் நின்றதாகச் சொன்னார்கள்.

சுரேனின் இறுதி அறிக்கை முப்பத்திரண்டு பக்கம். ‘மனிதத் தலையீடு எதுவுமின்றி’ செய்யப்பட்ட உதிரிப்பாகம், ஒரே நாளில் ஒரு லயத்தின் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்தது என்று அது அறிவித்தது. பம்பின் படமும் இருந்தது. எழுதி முடித்தபோது அவருக்கே நெஞ்சு விம்மியது. அறிக்கையில் உள்ளதெல்லாம் நடந்ததுதானே என்றுகூட அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. சுரேனின் நியமனம் ஒரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டது. நிர்வாகக் குழு அறிக்கையை ஊன்றிப் படித்தது. மனிதத் தலையீடு இல்லையென்றால் அந்த மனிதர் எதற்கு என்று தலைவர் ஜெயராசா ஒரு கேள்வி எழுப்பினார். முப்பது வருடக் கந்தோர் அனுபவத்தில் பழுத்த கேள்வி அது. பதில் சொல்லியிருக்க வேண்டியவர் அறிக்கையை எழுதியவர். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயலெட்சுமியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைச் சுரேனே தயாரித்தார். மூன்று தடவை திருத்தினார். மனம் எங்கோ உறுத்தியது. ‘தேவையின்மையால்’ என்பதை ‘தேவை எழாமையால்’ என்று மாற்றியதும் உறுத்தல் அடங்கியது.

விஜயலெட்சுமி நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“துணிக்குப் பின்னால ஒக்காந்திருந்தது யாருன்னு கமிட்டிக்குத் தெரியுமா சார்?”

“பிறகு தெரிஞ்சிருச்சு,” என்றார் சுரேன். “ஆனா அறிக்கையில அப்படி இல்ல.”

“சரிங்க,” என்றாள். கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். லேத்தின் மேல் கிடந்த சீவல்களைத் தூரிகையால் ஒதுக்கி, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. பேசியது அதிதியின் காரியாலயம். பதுளையில் நடக்கும் கண்காட்சிக்கு அந்தத் தானியங்கி லேத் அவசியம் வர வேண்டும், கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், முக்கியமாக அந்தக் குரல் கட்டுப்பாட்டைக் காட்ட வேண்டும் என்றார்கள். சுரேன் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். மறுநாள் தலைவர் ஜெயராசாவைக் கெஞ்சிக் கேட்டுப் பெனருக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தார். ஒரு தடவை இருமினார். கத்தி நகரவில்லை. துணியை விலக்கிப் பார்த்தால், தலைவர் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் சுரேன் தானே உட்கார்ந்து திருப்பிப் பார்த்தார். வெண்கலம் வழவழப்பாகாமல், படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டு விழுந்தது.

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தாக்கக் கூடத்தின் இணைப்பாளர் பாலிஷ் போட்ட சப்பாத்தோடு மேற்கணக்குக்கு ஏறினார். பஸ் போகாத கடைசி இரண்டு மைலும் நடை. லயத்து முன்னால் குழாயடியில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். விஜயலெட்சுமி ஒரு வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி பெரியாயி கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

சுரேன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “விஜயலெட்சுமி, ஒரு நல்ல செய்தி. உங்களுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு.”

அவள் நிரம்பிய வாளியை நகர்த்தி, அடுத்ததை வைத்தாள். “உங்க மெசினுக்கு ஆள் தேவயில்லன்னு எழுதியிருந்தீங்களே சார்.”

“அது வந்து... அது அறிக்கை.”

“இங்க நிக்கிறது நான். அறிக்கையில இல்லாத ஆளு. என்னைக் கூட்டிட்டுப் போனா உங்களுக்குத்தான் வம்பு.”

சுரேன் சுற்றிலும் பார்த்தார். துணி அலசுவதை நிறுத்திவிட்டுப் பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

பெரியாயிக்குக் கண் கொஞ்சம் மங்கல். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “யாரு பாப்பா அது, சப்பாத்தெல்லாம் போட்டுக்கிட்டு?”

விஜயலெட்சுமி குழாயை மூடினாள்.

“மோட்டர வேலைய விட்டு நிப்பாட்டுனாரே, அந்த சாரும்மா. இப்ப மோட்டரத் தேடிக்கிட்டு வந்திருக்காரு.”